விளக்கைத் தின்ன வந்தது

திரையில் ஒளிர்ந்த அந்த ஐந்து வரிப் பாட்டு எந்த மலையிலும் எந்தப் பாட்டியின் வாயிலும் பிறந்ததில்லை என்பதை அறிந்த ஒரே ஆள் அந்த அறையில் தாம்தான் என்று புரிந்தபோது, கோமதிநாயகம் செய்த முதல் காரியம், எதிரே இருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திருகித் திறந்து, குடிக்காமலே மறுபடி திருகி மூடியதுதான். யாரும் கவனிக்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் ஓரத்தில் நின்றிருந்த அவர் மகள் உலகம்மை, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியாக வாசித்தாள்.

விட்டிலே விட்டிலே ஏன் வந்தே?
விளக்கைத் தின்ன நான் வந்தேன்.
விளக்கைத் தின்னா யார் அழுவா?
உறங்காப்புலி தான் அழுவா.
உறங்கச் சொல்லு, நான் போறேன்.

வரிகளுக்குக் கீழே சிறிய எழுத்தில், ‘வாய்மொழி வழக்கு, சேகரித்தவர் பேராசிரியர் கோமதிநாயகம்’ என்றிருந்தது. தம் பெயரை எங்கே கண்டாலும் ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுகிற பழக்கம் அவருக்கு உண்டு; இப்போதும் கண் முதலில் அதைத்தான் தேடியது. ஒற்று இருந்தது. பெயர் சரியாகவே இருந்தது. அதற்கு முன்னால் இருந்த சொற்கள்தாம் பொய். சேகரித்தவர். எதை, யாரிடமிருந்து, எந்த ஊரில், பாடியவருக்கு அப்போது என்ன வயது, அவர் யாரிடம் கற்றார்: இவ்வளவும் இல்லாமல் ஒரு வரியைக்கூடத் தம் தொகுதிகளில் அவர் அனுமதித்ததில்லை. மாணவர்கள் அதற்காக அவரைச் சுங்கச்சாவடி என்று கூப்பிடுவது அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. அந்தப் பெருமை இப்போது எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று தெரியவில்லை. காது மடல் சுட்டது. எழுபது கடந்தவனுக்குக் காது மடல் சுடுமா என்று ஒரு கணம் வியப்பாக இருந்தது, சுட்டது, பள்ளிக்கூடத்தில் பிடித்துத் திருகிய காதுபோலச் சுட்டது. மகள் வாசித்து முடித்து, அவர் பக்கம் திரும்பி, மிக இலேசாகத் தலையசைத்தாள். சபையில் ஒரு மேற்கோளின் உரிமையாளருக்குக் காட்டும் மரியாதை அது. அவரும் தலையசைத்தார். அசைத்துவிட்டார். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது?

விஷயம் என்னவோ எளிமையானதுதான். நெடும்பாறை மலையில் தேயிலைக் குத்தகை முடிந்துபோன தெற்குச் சரிவு, மீனலோசனி அம்மாளின் அறக்கட்டளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அங்கே மிளா மேய வருகிறது. கடமான் என்று புத்தகங்கள் சொல்கிற அந்தப் பெரிய மான், ஒரு காலத்தில் மந்தையாக வந்ததாம், இப்போது ஒன்றும் இரண்டுமாக, காதைத் திருப்பித் திருப்பிப் பயந்துகொண்டு வருகிறது. அதைக் காக்க வேண்டுமானால் புதரையெல்லாம் வெட்டிச் சரிவைப் புல்லுக்கு விட வேண்டும். அதே புதரின் இலையைத் தவிர வேறெதையும் தொடாத ஒரு புழு அங்கே இருக்கிறது. அது வளர்ந்து விட்டிலாகிறது. வேறெந்தச் சரிவிலும் அந்த விட்டிலை, மலையில் பூச்சி ஆய்வு செய்கிற உலகம்மை கண்டதில்லை. புல் வந்தால் விட்டில் போகும்; புதர் நின்றால் மிளா போகும். இரண்டில் எது என்று இன்று மாலைக்குள் தீர்மானிக்க வேண்டும். கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற ஞானதிரவியம் மிளாவுக்காகப் பேச வந்தார். உலகம்மை விட்டிலுக்காக. ‘மக்கள் நினைவில் எது வாழ்கிறது’ என்று சொல்வதற்காகக் கோமதிநாயகம். மகள் ஒரு கட்சியில் இருக்கும்போது தந்தை எப்படி என்று ஓர் உறுப்பினர் இழுத்ததற்கு, பேராசிரியர் சொந்த மகளுக்கே பரீட்சையில் அரை மார்க் குறைத்துப் போடுகிற ஆள், பயப்படாதீர்கள் என்று மீனலோசனி அம்மாள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உலகம்மையும் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஏனென்றால் அது உண்மை. நேற்று இரயிலில் வரும்போதே அவர் தீர்மானித்துவிட்டார். மிளாதான். தொகுதி தொகுதியாக மான் நிற்கிறது; தாலாட்டில் நிற்கிறது, ஒப்பாரியில் நிற்கிறது, நடவில் நிற்கிறது, கும்மியில் சுற்றி வருகிறது; விட்டிலுக்கு ஒரு பாட்டும் இல்லை. இதைச் சொல்லி, ‘தந்தையாக அன்றி, ஏட்டுக்கும் குரலுக்கும் கடமைப்பட்டவனாக’ என்று முடிக்க ஒரு வாக்கியமும் தயாராக இருந்தது. மகளுக்கு எதிராக நின்று தீர்ப்புச் சொல்லும் நேர்மை. அதை மனத்துக்குள் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்து, எந்த இடத்தில் நிறுத்தினால் கம்பீரமாக இருக்கும் என்று நிறுத்திப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. இப்போது அது அழுக்குத் துணிபோல நாறியது. உலகம்மை பேசத் தொடங்கிப் படங்களைக் காட்டியபோதுகூட அவர் அந்த வாக்கியத்தைத்தான் செதுக்கிக்கொண்டிருந்தார். புதர், சிறகு, விருந்தினர் மாளிகை விளக்கு என்று சில சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. படங்களில் என்ன இருந்தது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று சிறகை விரித்தபடி இருந்தது.

விட்டிலுக்கு ஒரு பாட்டும் இல்லையா? இல்லாததா, எடுக்காததா? இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது? இத்தனை ஆண்டு எங்கே இருந்தது? ஓர் ஊருக்குப் போவார். ஒலிப்பதிவுக் கருவியை வைப்பார். சுற்றி உட்கார்ந்த பெண்களிடம், மான் பாட்டு உண்டுமா, மயில் பாட்டு உண்டுமா, வள்ளி கதை உண்டுமா என்று கேட்பார். கேட்டது கிடைக்கும். அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில், முன்பல் இரண்டும் இல்லாத ஒருத்தி, பேர் கோமுவோ கோதையோ, மான் பாட்டை முடித்துவிட்டு, இன்னொண்ணு இருக்கு, விளக்குல வந்து விழுமே அந்தச் சனியனப் பத்தி, பாடவா என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நாடாச் சுருள் தீர்ந்துவிடும் என்று பொத்தானை அழுத்தி நிறுத்தினார். அவள் பாடத்தான் செய்தாள். கருவி கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை, பையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் பாடியதில் ஒரு சொல்லாவது இப்போது வருகிறதா என்று தேடினார். வரவில்லை. இரண்டு பல் இல்லாத இடத்து இருட்டு மட்டும் வந்தது. அப்படியானால் தராசின் ஒரு தட்டில் நாற்பது ஆண்டு கல்லை ஏற்றியவரும் அவரே, இன்று முள்ளைப் பார்த்து மான்தான் கனம் என்று சொல்ல வந்திருப்பவரும் அவரே. மற்றத் தட்டில் இருப்பது என்ன? காற்று. காற்றின் மேல் இப்போது மகள் ஒரு பாட்டை எடுத்து வைத்திருக்கிறாள். அவள் தட்டில் இருப்பது அது ஒன்றுதான். அதுவும் அவர் கொடுத்தது.

அந்தச் சமயத்தில் ஞானதிரவியம் கையை உயர்த்தினார். அகலமான முகம், சிரிப்பதற்கென்றே வளர்த்ததுபோல ஒரு மீசை. அவருடைய ஓட்டுநரும் வந்திருந்தார், பின்வரிசையில். இந்தப் பாட்டு விட்டிலுடையதே இல்லை என்றார் ஞானதிரவியம். மிளாவின் பாட்டு. மலைக்குக் கீழே இருக்கிற ஊர்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், கொடைத் திருவிழா நடக்கிற கோயிலில், எங்கே போனாலும் தாம் கேட்டிருப்பதாகச் சொன்னார். ஓட்டுநரின் தாயார் பாடியதைக் கைபேசியில் பிடித்தும் வைத்திருக்கிறாராம். ஒலிவாங்கியின் பக்கத்தில் கைபேசியை வைத்தார். முதலில் ஒரு கோழி கத்தியது. யாரோ யாரையோ, பாடு, சும்மா பாடு என்று அதட்டினார்கள். பிறகு ஒரு முதிய குரல், தட்டைக் கழுவிக்கொண்டே பாடுவதுபோல, தண்ணீர்ச் சத்தத்தின் ஊடே வந்தது.

மிளாவே மிளாவே ஏன் வந்தே?
வெள்ளாமை தின்ன நான் வந்தேன்.
வெள்ளாமை போனா யார் அழுவா?
உறங்காப்புலி தான் அழுவான்.
உறங்கச் சொல்லு, நான் போறேன்.

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஒரு பாட்டு திடீரென்று பொருந்திவிடும்போது சபையில் எழுகிற திருப்தியின் ஓசை அது. மிளா வெள்ளாமையைத் தின்னும். விட்டில் விளக்கைத் தின்னுமா? உறங்காப்புலி காவல்காரனாகத்தான் இருக்க வேண்டும், வேட்டைத் தலைவனாகக்கூட இருக்கலாம் என்றார் ஞானதிரவியம். அந்தப் பேரில் உசிலம்பட்டிப் பக்கம் ஆட்கள் உண்டே என்றார் ஓர் உறுப்பினர். இன்னொருவர், நடுகல் ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க வேண்டும் என்றார். ஞானதிரவியம் கோமதிநாயகத்தின் பக்கம் சாய்ந்து, அன்பாகவே, “அண்ணாச்சி, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடப் போயி மிளாவ விட்டிலாச் சுருக்கிட்டாங்க. அதுதானே நடந்திருக்கும்? நீங்கதான் புஸ்தகத்துலயே எழுதியிருக்கீங்க, பெரிய பாட்டு தேஞ்சுதான் தாலாட்டாகும்னு” என்றார். எழுதியிருக்கிறார். இரண்டாம் தொகுதியின் முன்னுரையில். ஞானதிரவியம் அதைப் படித்திருக்கிறார். முழுக்கப் படித்திருக்கிறார்.

உறங்காப்புலி. அந்தப் பெயர் இப்போது அந்நியர் வாயில். பாளையங்கோட்டை வாடகை வீடு. மனைவி ஈசுவரி மஞ்சள்காமாலை முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்த மாதங்கள். மூன்று வயதுப் பிள்ளையும் அவரும் மட்டும். விளக்கு வைத்த பிறகு மேசையில் உட்கார்ந்து அவர் மான் பாட்டுகளை நாடாவிலிருந்து எழுத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருப்பார், ஒரு சொல்லைப் பிடிக்க நாடாவைப் பின்னுக்கு ஓட்டி, முன்னுக்கு ஓட்டி, பிள்ளை தூங்காது. நீ என்ன உறங்காப்புலியா என்று அதட்டுவார். அதட்டல் செல்லப்பெயராயிற்று, ஈசுவரி திரும்பி வந்ததும் அந்தப் பெயர் தானாகவே உதிர்ந்துபோயிற்று, அவள் கேட்டதே இல்லை, பிள்ளைக்கும் நினைவில்லை. ஒருநாள் மேசை விளக்கைச் சுற்றி ஒரு விட்டில் வந்தது. பிள்ளை பயந்து அழுதது. அது ஏன் வருது, அதுக்குப் பசிக்குதா, நம்ம விளக்கத் தின்னுட்டா இருட்டாயிருமா. கேள்விமேல் கேள்வி. நாடாவில் ஒரு வரி பிடிபடாமல் நழுவிக்கொண்டிருந்தது. அவர் தலையைத் திருப்பாமல், பேனாவைக் கீழே வைக்காமல், வாய்க்கு வந்ததைப் பாடினார். கேள்வி, பதில், கேள்வி, பதில். கடைசியில் போகிறேன் என்று சொல்லிப் போகிற வரி. பாட்டின் அச்சு கையிலேயே இருந்தது, நூற்றுக்கணக்கில் எழுதி எழுதி விரலுக்குள் ஊறியிருந்தது. ஒரு மூச்சில் வந்துவிட்டது. அன்பினால் பாடியதா? அப்படி நினைத்துக்கொள்ள எவ்வளவு வசதியாக இருக்கிறது. தொந்தரவு தீர வேண்டும் என்று பாடியது. உறங்கச் சொல்லு, நான் போறேன் என்பது விட்டில் சொன்னதல்ல, அவர் சொன்னது. பிள்ளை அழுகையை நிறுத்தி, இது யார் பாடினா என்று கேட்டது. மலையில பாடுவாங்க என்றார். தூங்கிப்போயிற்று. அவருக்கு அந்த வரி பிடிபட்டது. அன்றைக்கு அவர் மகிழ்ச்சியாக இருந்தது அந்த வரிக்காக.

பிறகு இன்னொரு முறை கேட்டாளே. மலையில் வேலை தொடங்கிய வருஷம், தொலைபேசியில். அப்பா, அந்த விட்டில் பாட்டு எந்த ஊர்ல எடுத்தது? அவர் முன் நான்காம் தொகுதியின் அச்சுப் படிகள் கிடந்தன. மேல, மலையில எங்கேயோ என்றார். மலையில எங்கேயோ! ஒரு மாணவன் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் தாளை முகத்தில் எறிந்திருப்பார். அவள் கேட்ட குரலில் ஒரு தயக்கம் இருந்தது, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தயக்கம், அதைக் கவனித்தார், கவனித்தும், நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு மெய்யெழுத்து புரண்டு கிடந்ததால், அதற்குத் திரும்பினார். அவள் அதை நம்பி மலைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். உங்க பாட்டு, உங்ககிட்டயே கொடுக்கிறேன் என்று சொன்னாளாம், ஏதோ ஒரு பொங்கலுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள். பிள்ளைகள் கீழே கொண்டுபோயிருக்கிறார்கள். தாய்மார் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். விளக்கு வெள்ளாமை ஆயிற்று, விட்டில் மிளா ஆயிற்று, அழுவா என்பது அழுவான் ஆயிற்று. பெயர் மட்டும் மாறவில்லை. பெயர் ஏன் என்று யாருக்கும் தெரியாததால் மாறவில்லை.

அந்த இடத்தில் மனம் இடறி நின்றது. பிறகு மெல்ல மெல்ல, ஆழம் தெரியாத தண்ணீரில் காலை வைப்பதுபோல முன்னே போனது. அதிகம் பேர் பாடுவது மூத்தது: மிளா. அதிக ஊரில் வழங்குவது மூத்தது: மிளா. பொருள் பொருந்தி வருவது மூலம், பொருந்தாதது சிதைவு: மிளா. காரணம் விளங்காத ஒரு பெயர் வரிக்குள் உயிரோடு இருந்தால் அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு: அதுவும் மிளா. தாலாட்டு பிந்தியது: மிளா, மிளா, மிளா. அவர் வாழ்நாள் முழுக்க வகுத்த விதிகள் ஒவ்வொன்றும் வரிசையாக வந்து, கைகட்டி, பிசகில்லாமல் தப்பான பதிலைச் சொல்லிவிட்டுப் போயின. எது முந்தி என்று ஐயத்துக்கே இடமில்லாமல் அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு இதுதான். இதில்தான் விதி தோற்கிறது. அப்படியானால் தெரியாத மற்றவை? நான்கு தொகுதிகளிலும், ‘இதுவே மூலம்’, ‘இது பிற்காலத் திரிபு’ என்று அவர் அடிக்குறிப்பில் தீர்த்து எழுதிய ஆயிரம் இடங்கள்? அந்த அடிக்குறிப்புகள் இருட்டில் வரிசையாக நின்று அவரைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. இதற்கு நடுவிலும், வெட்கங்கெட்ட மனம், வேறொன்றைக் கவனித்தது: வெள்ளாமை என்ற சொல் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது! உறங்கச் சொல்லு, நான் போறேன். காவல்காரன் தூங்கினால் மிளாவா போகும்? தின்றுவிட்டல்லவா போகும்! அந்தக் குறும்பு அவர் பாட்டில் இல்லை. யாரோ ஒருத்தி அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். பாராட்டாமல் இருக்க முடியவில்லை. கூடவே ஒரு பொறாமை. எழுபது கடந்த வயதில், சொந்த மகள் தலைகுனிய நிற்கும் நேரத்தில், ஒரு சொல்லுக்காகப் பொறாமை. சீ.

உலகம்மை தலைகுனிந்துதான் நின்றாள். கையில் இருந்த சிறு பொத்தான் கருவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் காது மடலும் சிவந்திருப்பது தெரிந்தது. காது அவருடையது, ஈசுவரி சொல்லிச் சிரிப்பாள், அப்பனுக்குக் கோபம் வந்தா மகளுக்குக் காது சிவக்கும் என்று. போன ஆனியில் அவள் தன் ஆய்வைப் புத்தகமாகக் கட்டி அனுப்பினாள். அவர் நன்றியுரைப் பக்கத்தை மட்டும் திறந்து, தம் பெயரைத் தேடி, ‘முதல் விட்டிலை எனக்குப் பாட்டாகத் தந்த அப்பாவுக்கு’ என்று கண்டு, நெகிழ்ந்து, அலமாரியில் வைத்தார். மேலே இரண்டு அத்தியாயம் புரட்டியிருந்தால், பாட்டும் அதன் கீழ்ப் பொய்யும் கண்ணில் பட்டிருக்கும். வீட்டுக்குள் வைத்தே, இது வேண்டாம் தாயி, இது நான் கட்டினது என்று சொல்லி முடித்திருக்கலாம். இப்போது என்ன வழி? பாட்டு மலைப் பாட்டுதான், விட்டில்தான் மூலம் என்று சொல்லிவிடலாம். பதில் உண்மை, பொய் அதன் அடியில் இருக்கும், யாரும் தோண்ட மாட்டார்கள், தோண்டத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான். மகள் தட்டு தாழும். புதர் நிற்கும். அல்லது விதிப்படி மிளா என்று சொல்லலாம். தயாரான வாக்கியமும் வீணாகாது. இரண்டிலும் அவர் தப்பித்துவிடுவார். இரண்டு வழியிலும் தப்பிப்பவர் அவராகவே இருப்பதுதான் அருவருப்பாக இருந்தது. தண்ணீர்ப் புட்டியின் மூடியை மறுபடி திறந்தார். உண்மையைச் சொன்னால் அவமானம் அவருக்கு மட்டுமா? ஆதாரம் என்று அவள் காட்டியது அப்பா கட்டிய பொய் என்று இந்த அறை சிரிக்கும். உறங்க வைப்பதற்காகப் பாடினவனே எல்லார் முன்னாலும் எழுப்பி உட்கார வைக்க வேண்டுமா? அவளுக்காகவே மறைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதுவும் வசதியாகத்தான் இருக்கும். எல்லாமே எவ்வளவு வசதியாக இருக்கிறது.

மீனலோசனி அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ஐயா, இனி நீங்கதான் சொல்லணும். பாட்டு யாரோடது? விட்டிலோடதா, மிளாவோடதா?”

அவர் எழுந்தார். எழ வேண்டிய தேவை இல்லை, உட்கார்ந்தே பேசலாம், ஆனாலும் எழுந்தார். ஒலிவாங்கி அவர் மூச்சை முதலில் சபைக்குக் கொடுத்தது. “உறங்காப்புலி யாருன்னு எனக்குத் தெரியும்,” என்றார்.

ஞானதிரவியம் ஆவலோடு பேனாவை எடுத்தார். பின்வரிசையில் ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வேட்டைத் தலைவன் இல்ல. நடுகல்லும் கிடைக்காது. என் மகள்தான். மூணு வயசுல அவள நான் அப்படிக் கூப்பிட்டேன். பாட்டு நான் கட்டினது. அவ தூங்கினா என் வேலை நடக்கும்னு கட்டினது. எந்த மலையிலயும் எடுக்கல. அவளுக்கு இது தெரியாது. அவ ஊர் கேட்டப்போ மலையிலன்னு சொன்னது நான். விட்டில் பாட்டுதான் முந்தி. ஆனா அதை என்னால எந்த விதியைக் கொண்டும் நிரூபிக்க முடியாது. என் விதியெல்லாம் மிளான்னுதான் சொல்லும்.”

யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி, தனியாகச் சிரிப்பது தெரிந்து, நிறுத்திக்கொண்டார். ஞானதிரவியம் பேனாவை மூடினார். அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பந்தான். அப்போ எங்க ஆளுங்க பாடுறது என்று பின்பக்கம் கையைக் காட்டிக் கேட்டார். அது அவர்களுடைய பாட்டு, என்னுடையதைவிட நல்ல பாட்டு என்று கோமதிநாயகம் சொன்னார். சொல்லும்போதே அது தாராளம்போலத் தொனித்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. “அண்ணாச்சி, ஒரு நிமிஷம் எங்க மிளாவ ராஜாவாக்கிட்டு அப்படியே கீழ இறக்கிட்டீங்களே” என்றார் ஞானதிரவியம். இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். மீனலோசனி அம்மாள் சிரிக்காமல், அப்படியானால் பாட்டை இரண்டு பக்கத்துக்கும் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார்.

உலகம்மை ஒலிவாங்கியிடம் வந்தாள். தந்தையைப் பார்க்கவில்லை.

“பாட்ட எடுத்திருங்க, அம்மா. பூச்சி இருக்கு. ஒண்ணு மட்டும் சொல்லிர்றேன். எனக்கு அந்தப் பாட்டுல ஆரம்பத்துலேருந்தே ஒரு சந்தேகம் உண்டு. இந்த விட்டிலுக்கு வாய் கிடையாது. புழுவா இருக்கையில தின்னதுதான். சிறகு வந்தப்புறம் எதையும் தின்னாது, தின்னவும் முடியாது. பாட்டுல அது விளக்கைத் தின்ன வருது. பாடினவங்க பூச்சிய ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல, விளக்கத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.”

கோபம் இல்லாத குரல். அச்சுப் படியில் ஒரு பிழையைச் சுழித்து, ஓரத்தில் சரியானதை எழுதிவிட்டு, அடுத்த வரிக்குப் போகிற குரல். அது யாருடைய குரல் என்று அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார். திரையில் பாட்டு இன்னும் இருந்தது. அவர் பெயர் இன்னும் இருந்தது. அறையின் வெளிச்சத்தில் இரண்டும் வெளிறித் தெரிந்தன. உலகம்மை தன் இடத்துக்குத் திரும்பி, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் உட்காரவில்லை. மூன்று வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டபோதும் இப்படித்தான் நின்றாள், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அதுக்குப் பசிக்குதா என்று. அவள் பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். அன்றைக்கும் அந்த அறையில் பூச்சியைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

பாட்டு போனாலும் மக்கள் நினைவு பற்றி ஐயாவின் கருத்து என்று ஒன்று இருக்குமல்லவா, விட்டிலா மிளாவா, அதைச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் கூடித் தீர்மானித்துவிடலாம் என்று மீனலோசனி அம்மாள் கேட்டார். தயாரித்து வைத்த வாக்கியம் நாக்கின் அடியில் கிடந்தது. தந்தையாக அன்றி. ஏட்டுக்கும் குரலுக்கும். அதைத் தேடிப் பார்த்தார். சொற்கள் இருந்தன, சொல்லுகிறவன் இல்லை.

“நான் இன்னும் அந்தப் பூச்சியப் பாக்கல, அம்மா,” என்றார். “படம் ஓடினப்போ வேற எங்கேயோ இருந்தேன். விளக்கை அணைக்கச் சொல்லுங்க. இன்னொரு தடவ போடச் சொல்லுங்க.”

கதவருகே இருந்த யாரோ பொத்தான்களைத் தடவி ஒவ்வொன்றாக அணைத்தார்கள். இருட்டில் காது சுடுவது யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வந்தது. அதையும் ஒரு வசதியென்று தள்ளிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். உலகம்மை படத்தைத் தேட நேரம் எடுத்துக்கொண்டாள். அவசரப்படுத்த அவருக்கு எந்த வரியும் காத்துக்கொண்டிருக்கவில்லை. திரையில் பாட்டு மறைந்தது, பெயர் மறைந்தது. வாயில்லாத அந்த முகம் திரை முழுக்க வந்து நின்றது. அவர் பார்த்தார்.